இரண்டு பக்கமும் பார்த்தேன், மோட்டார் மட்டும் தெரியவில்லை

கேள்வி: வணக்கம் தங்கச்சி. எனக்கு வயது 54. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 26 வருஷமாகப் பழ லோரி ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் நின்று வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், மறுபடி வலது பக்கம் ஒரு பார்வை. ரோடு காலி. லோரியை நகர்த்தியதும் வலது பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன், அவர் வளைத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. கண்ணைப் பரிசோதித்தேன், தூரப் பார்வை நன்றாக இருக்கிறது, படிப்பதற்கு மட்டும் கண்ணாடி என்றார்கள். இன்னொன்றும் இருக்கிறது. இரவில் முன்னால் போகும் சில காடிகளின் சிவப்பு லைட், நான் பார்வையைத் திருப்பும்போது பாசிமணி கோத்த மாதிரி புள்ளி புள்ளியாக ஓடுகிறது. கண்ணில் ஏதாவது கோளாறா? சரக்கு லோரி ஓட்டும் ஜிடிஎல் லைசென்ஸ் போய்விடுமோ என்று மகன் வேறு பயப்படுகிறான்.

பதில்:

அண்ணே, வணக்கம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதகர். உங்களை நேரில் பார்க்காமல் கண் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு விஷயமும், முச்சந்தியில் மோட்டார் தெரியாமல் போனதும் இரவில் சிவப்புப் புள்ளி ஓடுவதும், நல்ல கண் வைத்திருக்கிற எவருக்கும் நடக்கக்கூடியவை, எனக்கும் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் உங்களுக்குத் தூக்கமும் வரும், முச்சந்தியில் பார்க்கும் பழக்கமும் மாறும். அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான், ஏறக்குறைய 2 டிகிரி, உங்கள் கண் ஒரு நேரத்தில் தெளிவாகப் பார்க்கும் இடம். அதைத் தாண்டியதெல்லாம் மங்கல்தான். மையத்திலிருந்து 10 டிகிரி தள்ளிப் போனாலே கூர்மை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். எதிரே இருக்கும் முழுக் காட்சியும் தெளிவாக இருப்பது போல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண் ஓயாமல் இடம் மாறி அந்தச் சின்ன வட்டத்தை அங்கே இங்கே வைத்து வைத்து எடுப்பது. அதுவும் வழுக்கிக்கொண்டு போகாது, தாவும். ஒரு இடத்தில் கால் நொடி நிற்கும், சடாரென்று அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி நிற்கும். 1870களின் கடைசியில் பாரிசில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் படிப்பவர்களின் கண்ணை ஆராய்ந்தபோது இதைக் கவனித்து எழுதினார்கள். பிரெஞ்சில் இதற்கு சக்காட் என்று பெயர், குதிரையின் கடிவாளத்தைச் சுண்டி இழுப்பதைச் சொல்லும் சொல். நான் இங்கே தாவல் என்றே எழுதுகிறேன்.

நம் உடம்பில் இதைவிட வேகமாக நடக்கிற அசைவு அதிகம் கிடையாது. பெரிய தாவலின் உச்சத்தில் கண் நொடிக்கு 500 டிகிரிக்கு மேல் சுழலும். ஒரு வரியைப் படிக்கும்போது வரும் சின்னத் தாவல் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 30 பங்கில் முடிந்துவிடும். தோளைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரியது என்றால் 100 பங்கைத் தாண்டும். நொடிக்கு 3 தாவல், 16 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 172,800.

சரி, அவ்வளவு வேகத்தில் கண் சுழலும்போது உலகம் கோடு கோடாக இழுபட்டுத் தெரிய வேண்டுமே? கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே கையை வெடுக்கென்று திருப்பினால் படம் எப்படிக் குழம்பிப் போகிறது, பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் விழும் படமும் அதே மாதிரிதான் குழம்புகிறது. நமக்கு மட்டும் அது தெரிவதில்லை.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். குளியலறைக் கண்ணாடி முன் ஒரு முழம் தள்ளி நின்று, உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள், மாறி மாறிப் பத்துத் தடவை. உங்கள் கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு முறையும் கண் ஏற்கெனவே அங்கே போய் நின்றுகொண்டிருக்கும். அண்ணியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், உங்கள் கருவிழி இங்கும் அங்கும் ஓடுவதை அவர் நன்றாகப் பார்ப்பார். அப்புறம் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் இதையே செய்யுங்கள். இந்தத் தடவை உங்களுக்கே அசைவு தெரியும், ஏனென்றால் கைபேசி படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது, அதற்குள் உங்கள் கண் தாவி முடித்து நின்றுவிடுகிறது. கண்ணாடியில் சொந்தக் கண் அசைவு தெரியாது என்பதை பென்னோ எர்ட்மனும் ரேமண்ட் டாட்ஜும் 1898லேயே, படிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்த புத்தகத்தில் எழுதினார்கள். என் கடைக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டாமல் நான் அனுப்புவதே இல்லை. வாய் பிளந்து நிற்பார்கள்.

மூளை இதை மூடி மறைப்பது இரண்டு மூன்று வழியில். ஒன்று, தாவலுக்குச் சற்று முன்பே, கண் இன்னும் அசையத் தொடங்காதபோதே, பார்வையின் உணர்வு குறைந்துவிடுகிறது. எல்லாம் ஒரே மாதிரிக் குறைவதில்லை. 1994ல் டேவிட் பர்ரும் கான்செட்டா மொரோனும் ஜான் ராஸும் செய்த ஆய்வு, அசைவையும் வெளிச்ச வேறுபாட்டையும் எடுத்துச் செல்லும் பாதைதான் அப்போது அதிகமாக அடக்கப்படுகிறது, நிறத்தை எடுத்துச் செல்லும் பாதை பெரும்பாலும் தப்பிவிடுகிறது என்று காட்டியது. அதாவது, கண் தாவுகிற அந்த நேரத்தில் மூளை குறிவைத்து அடக்குவது அசைவு உணர்வை. அதில் நியாயமும் இருக்கிறது, இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலுக்கும் உலகமே நில நடுக்கம் வந்தது போல ஆடும்.

இரண்டாவது, தாவல் முடிந்து கண் நின்றதும் கிடைக்கும் தெளிவான படம், அதற்கு முன் வந்த குழம்பிய படத்தை அழுத்தி அழித்துவிடுகிறது. 1978ல் ஃபெர்கஸ் கேம்பெல்லும் ராபர்ட் வர்ட்ஸும் இதைச் சோதித்தார்கள். கண் தாவும் நேரத்தில் மட்டும் விளக்கைப் போட்டு, நின்ற பிறகு இருட்டாக்கினால், இழுபட்ட படம் மனிதருக்கு நன்றாகவே தெரிந்தது. நின்ற பிறகும் விளக்கைக் கொஞ்சம் எரியவிட்டால் அது காணாமல் போனது. இதை நினைவில் வையுங்கள், உங்கள் சிவப்புப் புள்ளிக்கு இதுதான் பதில்.

மூன்றாவதைத் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். என் அப்பா தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். எந்தத் தாள் எழுதினாலும் அடியில் நீல மைக் கார்பன் வைத்துத்தான் எழுதுவார். மேல் தாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கைக்குப் போகும், அடித்தாள் ஆபீஸ் மேசையில் இருக்கும். வெளிக்காட்டில் யார் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று மேசையில் உட்கார்ந்தபடியே சொல்வார். மூளையும் அப்படித்தான். கண் தசைக்கு "வலது பக்கம் இவ்வளவு திரும்பு" என்று கட்டளை போகும்போதே, அதன் நகல் பார்வைப் பகுதிக்கும் போகிறது. படம் இடம் மாறியதற்குக் காரணம் உலகம் நகர்ந்தது இல்லை, நானே திருப்பினேன் என்று மூளை கழித்துக்கொள்கிறது. நகல் போகாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமைக்கு மேல் விரலை வைத்து மிக லேசாக அசையுங்கள். உலகமே ஆடும். விரல் கண்ணை நகர்த்தியது, ஆனால் அதற்குக் கட்டளையும் இல்லை, நகலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை வைத்துத்தான் வாதாடினார். கண்ணில் அறுவை செய்துகொண்டவர்களும் கண் அழுத்த நோய் இருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.

இவ்வளவு அழகான ஏற்பாட்டில் நமக்கு இழப்பும் இருக்கிறது. கண் தாவிக்கொண்டிருக்கும்போது ஒரு பொருள் நகர்ந்தால் அது நமக்குத் தெரியாமல் போகலாம். 1975ல் புரூஸ் பிரிட்ஜ்மனும் அவருடைய கூட்டாளிகளும், ஆட்கள் கண் தாவும் நேரம் பார்த்து எதிரே இருந்த படத்தை நகர்த்தினார்கள். தாவிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் நகர்த்தினாலும் ஆட்கள் கவனிக்கவில்லை. கண் நின்றிருக்கும்போது அதே அசைவை யாரும் தவறவிட மாட்டார்கள். நாள் முழுக்கச் சேர்த்தால், ஒரு தாவலுக்கு ஆயிரத்தில் 40 பங்கு நொடி என்று வைத்தால் கூட, இப்படி மறைந்து போகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இருட்டு எங்கும் தெரியாது. மூளை அந்த இடைவெளியைத் தைத்துவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தை வெடுக்கென்று திரும்பிப் பார்த்தால் நொடி முள் முதலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டு அப்புறம் ஓடத் தொடங்குவது போல இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? தாவலில் தொலைந்த நேரத்தை, தாவிய பிறகு கண்ட படத்தின் கணக்கில் மூளை எழுதிக்கொள்கிறது. கீலன் யாரோவும் மற்றவர்களும் 2001ல் இதை அளந்து எழுதினார்கள்.

இப்போது உங்கள் முச்சந்திக்கு வருவோம். நான் அங்கே இல்லை, நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்.

மோட்டாரில் வருகிற ஒரு ஆளின் அகலம் முக்கால் மீட்டருக்கு மேல் கொஞ்சம்தான். 100 மீட்டர் தூரத்தில் அது நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தில் பாதிகூடத் தேறாது. அதுவும் உங்களை நோக்கி நேராக வரும்போது பக்கவாட்டில் நகராது, அதே இடத்தில் நின்றபடி மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். கண்ணின் ஓரப் பகுதி குறுக்கே ஓடுவதைப் பிடிக்கும், இப்படி நின்ற இடத்தில் வளர்வதைப் பிடிக்கச் சிரமப்படும். காலை ஏழு மணி, பனைமர நிழல், கறுப்புச் சட்டை அல்லது கறுப்பு மோட்டார் என்றால் இன்னும் மோசம். அதோடு உங்கள் பக்கம் என்ன நடந்தது? இடமிருந்து வலம் தலையை ஒரே வீச்சாகத் திருப்பியிருப்பீர்கள். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தது போல இருக்கும். உண்மையில் கண் நின்றது இரண்டு மூன்று இடத்தில்தான்: ஒரு வேளை தோட்டத்துப் பெயர்ப் பலகை, ஒரு வேளை தூரத்து வளைவு. நடுவில் இருந்ததெல்லாம் தாவலில் போனது. அந்த நடுவில்தான் மோட்டார் வந்துகொண்டிருந்தது. "ரோடு காலி" என்று மூளை சொன்னது பொய் இல்லை, அது பார்த்த இரண்டு மூன்று இடமும் காலிதான்.

இன்னொன்று, லோரியில் நீங்கள் உட்காருவது வலது பக்கம். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தூண் உங்கள் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் பின்னால் ஒரு மோட்டார் என்ன, ஒரு காடியே ஒளிந்துகொள்ளும். கண் தாவும்போது தூணின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடும், நடுவில் தூண் இருந்ததே நமக்கு உறைக்காது. அப்புறம் நேரக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மோட்டார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் வலது பக்கம் பார்த்துவிட்டு, இடது பக்கம் திரும்பி, கியர் போட்டு, கிளட்ச் விடுவதற்குள் நான்கு நொடி என்றால் 88 மீட்டர். முதலில் பார்த்த "காலி" அதற்குள் பழசாகிவிட்டது. கடைசியாக வலது பக்கம் போட்ட அந்த ஒரு பார்வைதான் காப்பாற்றியிருக்க வேண்டும், அதைத்தான் நாம் எல்லோரும் அவசரமாக வீசிவிடுகிறோம்.

எனக்கும் இது நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சின்ன ரோட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு என் காடியைத் திருப்புகிறேன். பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். ஹார்ன் சத்தம், என் கதவுக்கு ஒரு கை தூரத்தில் ஒரு மோட்டார், அதில் ஒரு அக்கா, ஹேண்டிலில் தொங்கிய பையில் கீரைக்கட்டு. அந்த அக்கா நின்று என்னைத் திட்டக்கூட இல்லை, நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணைப் பற்றிப் படித்து, கண்ணையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு, தாவலைப் பற்றி நான் படித்தது சும்மா பரீட்சைக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. அம்மா 30 வருஷம் பால்மரம் சீவியவர். இருட்டில் தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் நடந்தபோது, பாம்பு இருக்கிறதா என்று பார்க்க முதலில் நிற்க வேண்டும், விளக்கை ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் அடுத்த அடி, விளக்கை வீசிக்கொண்டே நடந்தால் பாம்பு தெரியாது என்றார் அன்று வீட்டுக்கு வந்ததும். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அதனால் அண்ணே, நான் கேட்டுக்கொள்வது இது. மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் லோரியை முழுக்க நிறுத்துங்கள், சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போது பார்க்க வேண்டாம். வலது பக்கம் பார்க்கும்போது கண்ணைத் தெரிந்தே மூன்று இடத்தில் நிறுத்துங்கள்: பக்கத்து ரோட்டோரம், நடு, கடைசி வளைவு. ஒவ்வொரு இடத்திலும் மனத்துக்குள் "ஒன்று" என்று முழுசாகச் சொல்லும் வரை கண் அசையக்கூடாது. இடது பக்கமும் அப்படியே. திரும்ப வலது பக்கம் வரும்போது உடம்பை முன்னால் சாய்த்துத் தூணுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் பின்னால் சாய்ந்து இன்னொரு தடவை. கடைசிப் பார்வை எப்போதும் வலது பக்கம், ஏனென்றால் உங்களை முதலில் இடிக்கக்கூடியது அங்கிருந்துதான் வருகிறது. எல்லாம் சேர்த்து ஆறேழு நொடி கூடும். பின்னால் நிற்கிறவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

முன்கண்ணாடியைத் தினமும் துடைக்கிறீர்களா? செம்மண் தூசி படிந்த கண்ணாடியில் காலை வெயில் பட்டால், சின்னதாகத் தெரிகிற எதுவும் கரைந்துவிடும். உள் பக்கமும் துடையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். நம் மலேசியாவில் 1992லிருந்து மோட்டாருக்குப் பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அது இந்தச் சிக்கலுக்காகவே வந்தது போல இருக்கும், ஓரப் பார்வையில் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தால் கண் தானாக அங்கே தாவும். மகன் மோட்டார் ஓட்டுகிறவன் என்றால், முன் விளக்கு எரிகிறதா என்று புறப்படும் முன் பார்க்கச் சொல்லுங்கள். லோரிக்காரர் தன் பக்கம் முகத்தைத் திருப்பினார் என்பதை வைத்து அவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று அவன் நம்பக்கூடாது. முகம் திரும்பும், கண் தாவிக்கொண்டிருக்கும்.

சிவப்புப் புள்ளிக்கு வருகிறேன். புதிய காடிகள் பலவற்றில் பின் விளக்கு எல்இடி. அதன் வெளிச்சத்தைக் குறைத்து வைக்க, நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள், பிரேக் போட்டால் முழுசாக எரியும். கண் நின்றிருக்கும்போது இந்தச் சிமிட்டல் தெரியாது, ஒரே சீரான வெளிச்சமாக இருக்கும். கண் தாவும்போது ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணின் உள்திரையில் வேறு வேறு இடத்தில் விழுகிறது, அதனால் பாசிமணி கோத்தது போல ஒரு வரிசை. கண் தாவும்போது அசைவு அடங்கும் என்றேனே, இது மட்டும் ஏன் தப்பிக்கிறது? இரவில் சுற்றிலும் இருட்டு. பகலில் தாவல் முடிந்ததும் ஒரு தெளிவான படம் வந்து பழையதை அழிக்கும், இரவில் அழிக்க வருகிற படம் கறுப்புதான், வெளிச்சப் புள்ளிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. பழைய வகைக் குண்டு பல்பு போட்ட காடிக்குப் பின்னால் போகும்போது பாருங்கள், கோடு தெரிந்தாலும் புள்ளியாக உடையாது. இந்தப் புள்ளி வரிசையை நொடிக்கு 1,000 தடவைக்கு மேல் சிமிட்டுகிற விளக்கில்கூட மனிதர்கள் பார்க்கிறார்கள் என்று 2013ல் வந்த ஒரு சோதனை காட்டியது. ஆகவே இது விளக்கு செய்கிற வேலை. கண் கூச்சமாக இருந்தால், அந்த விளக்கையே உற்றுப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

தாவும்போது அசைவு தெரியவே தெரியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஈடிஎஸ் ரயிலில் ஈப்போவுக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அடுத்த தண்டவாளத்தைப் பாருங்கள். அடியில் இருக்கும் குறுக்குக் கட்டைகள் கோடாகக் கரைந்திருக்கும். அவை ஓடுகிற பக்கமாகவே கண்ணைச் சட்டென்று தாவவிட்டால், ஒரு கணம் கட்டைகள் தனித்தனியாக, ஜல்லிக் கல் உட்பட, நின்று தெரியும். அந்தக் கணம் கண்ணின் வேகமும் கட்டையின் வேகமும் ஒத்துப்போகின்றன, படம் உள்திரையில் நிற்கிறது. எரிக் காஸ்டேயும் கிய்யோம் மாஸோனும் 2000ல் இதே வழியில், கண் நின்றிருந்தால் தெரியாத அளவுக்கு வேகமாக ஓடும் கோடுகள் கண் தாவும்போது அசைவாகவே தெரிகின்றன என்று காட்டினார்கள். நான் ரயிலில் போகும்போதெல்லாம் இதைச் செய்வேன். எதிர் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்க்கிறவரின் கண்ணையும் பாருங்கள்: மெல்ல ஒரு மரத்தைத் தொடர்ந்து போகும், வெடுக்கென்று திரும்பும், அடுத்த மரம். அவருக்கு அது தெரியவே தெரியாது.

இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாது. நடக்கும்போது ரோடும் கடைப் பலகையும் மேலும் கீழும் ஆடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எதிரே இருப்பது ஆடினால், அது கண்ணை நிறுத்தி வைக்கும் உள்காது அல்லது நரம்பின் கோளாறாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்தால், அதோடு வாய் கோணினாலோ கை கால் மரத்துப் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் என்று தள்ள வேண்டாம். கண்ணை மூடினாலும் மின்னல் போல வெட்டினால், கறுப்புப் புள்ளிகள் புதிதாகக் கூட்டமாக மிதந்தால், ஓரத்தில் திரை இழுத்த மாதிரி மறைத்தால், உள்திரை கிழிகிறதோ என்று அதே நாளில் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதிய சிவப்புப் புள்ளி இதில் எதிலும் சேராது, அது விளக்கு இருந்தால்தான் வருகிறது, பார்வையைத் திருப்பினால்தான் வருகிறது.

உங்களுக்கு இனிப்புநீர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தது மட்டும் போதாது, வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் உள்திரையைப் பார்க்க வேண்டும். ஓரப் பார்வை சரியாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள், கண் அழுத்த நோயில் ஓரப் பார்வைதான் முதலில் குறையும், மையம் நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது, லோரி ஓட்டுகிறவருக்கு அது முக்கியம். லைசென்ஸைப் பற்றி மகனிடம் சொல்லுங்கள்: நீங்கள் எழுதிய இரண்டும் லைசென்ஸை எடுக்கிற விஷயம் இல்லை.

அரசு ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் உள்திரை பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள், நான்கைந்து மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கலாக இருக்கும். அன்றைக்கு லோரியையோ மோட்டாரையோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள் அண்ணே, மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.